ரைகோ வரும் நேரம்

முதல் பாகத்தில் ஹனா கத்துவதற்கு முன்பே ரைகோ வந்துவிடுவான். பூக்கடையின் கூரை சரியும், அவள் வாயைத் திறப்பாள், அதற்குள் அவன் கைகளில் இருப்பாள். தொடர் பாதியை எட்டும்போது அவன் எதிர்மாடியில் நின்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டு காத்திருப்பான். அந்த நகரத்தில் வீரர்களுக்கு மக்கள்தான் மதிப்பெண் போடுகிறார்கள். சீக்கிரம் காப்பாற்றினால் யாரும் கைதட்டுவதில்லை. ஆபத்து இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. "பழுக்கட்டும்" என்பான் ரைகோ. அலறல் பழுக்க வேண்டுமாம்.

சிரிப்பதற்காக எடுத்த ஜப்பான் தொடர் அது. அனிமே என்று சொல்ல வேண்டும். கார்ட்டூன் என்றால் கலைவேந்தன் அண்ணனுக்குக் கோபம் வரும். தவளக்குப்பத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். செலியமேட்டில் எங்களுக்கு எதிர்வீடு. தொடரைத் தமிழில் பேசி யூடியூபில் போடுகிறான். ரைகோவுக்கு அவன் குரல். வில்லனுக்கு அவன் தங்கை இளவரசி. ஹனாவுக்கு நான்.

பள்ளிக்கூடத்தில் நான் சொல்லும் "உள்ளேன் டீச்சர்" முன்பெஞ்சைக்கூடத் தாண்டாது. பத்தாவதோடு நின்றுவிட்டேன். ஆனால் ஹனாவின் வாய் திறந்தபோது என்னிடமிருந்து வந்த சத்தத்தில் இளவரசி காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஏ ஆனி, இத்தினி நாளு இத எங்கடி வச்சிருந்த?"

வீட்டில் அப்படிக் கத்த முடியாது. கலை அண்ணன் அவன் அப்பாவின் கரும்புக் கொல்லையைக் காட்டினான். கரும்புக்குள் எதிரொலி கிடையாது. காய்ந்த சோகை இலைகள் சத்தத்தைக் குடித்துவிடும். என் துப்பட்டாவில் மைக்கைக் குத்திவிட்டு அவன் ஹெட்போனோடு வரப்பில் உட்கார்ந்துகொள்வான். முதல் நாள் புல்லறுத்துக்கொண்டிருந்த பெண்கள் அரிவாளோடு ஓடிவந்தார்கள். அடுத்த முறை அவர்களில் கலியம்மாள் மட்டும் எட்டிப் பார்த்தாள். "டப்பிங்கா? நல்லாத்தான் கத்துற, போ." அதற்குப் பிறகு யாரும் நிமிரவில்லை.

ஹனா மாறிக்கொண்டே வந்தாள். தொடக்கத்தில் அவள் கோபக்காரி. கடை முதலாளியையே அதட்டுவாள். பிறகு, உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேன் என்று ரைகோவிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். பிறகு, வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் கண்ணாடியைப் பார்த்து அலறிப் பழகினாள். இளவரசி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலைதான் நானும் தொண்டைக்கு வெந்நீர் வைத்துக் குடித்திருந்தேன்.

கலை அண்ணனும் முன்பெல்லாம் என் அலறல் சரியாக வராவிட்டால் "பரவால்ல வுடு" என்பான். கடைசிப் பாகத்தில் ஹனா எரியும் கட்டடத்துக்குள் மாட்டிக்கொள்கிறாள். நான் கத்தியதைக் கேட்டுவிட்டு அவன் ஹெட்போனைக் கழற்றினான்.

"நடிக்கிற. பழுக்கல. மத்தியானம் வா, இன்னும் உள்ளாற போய் எடுக்கலாம்."

"எவ்ளோ உள்ள?"

"நான் சொல்ற வரைக்கும் போயினே இரு."

அவன் நிறுத்தச் சொல்லவே இல்லை. வரப்பு மறைந்தது. வானம் ஒரு கீற்றாகிவிட்டது. படபடவென்று ஏதோ கேட்டது. மழை என்று நினைத்தேன். பிறகு எலிகள் என் காலைத் தாண்டி ஓடின. எல்லாம் ஒரே பக்கமாக ஓடின. அப்புறம்தான் புகை வந்தது. கரும்பு வெட்டுக்கு முன் சோகையைக் கொளுத்திவிட்டிருக்கிறார்கள்.

கத்தினேன். பழக்கத்தில் ஹனாவின் அலறல்தான் முதலில் வந்தது. "கலையண்ணா, நெருப்பு. நெஜமா நெருப்பு" என்றேன். பிறகு சொற்கள் வரவில்லை. என் மூச்சுகூட அவன் காதில் விழும், ஓடிவருவான் என்று நின்ற இடத்திலேயே நின்றேன். அப்படி நின்றதைத்தான் இப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். முகத்தில் அனல் அடித்தபோது குனிந்தேன். கைக்கு ஈரமண் தட்டுப்பட்டது. வாய்க்கால். அதிலேயே ஊர்ந்தேன்.

வெளியே வந்தபோது அவன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். ஒரு கையால் ஹெட்போனை அழுத்திக்கொண்டு, மறு கையை உயர்த்திப் பேசாதே என்று காட்டினான். கண்கள் கலங்கியிருந்தன.

"நான் உள்ள வரத்தான் இருந்தேன்டி," என்றான் பிறகு. "அப்பா இன்னிக்கிக் கொளுத்துவாருன்னு தெரியும். ஆனா காத்து அந்தாண்டதான அடிச்சிது."

அம்மா என் கருகிய முடியைக் கத்தரித்துக்கொண்டே என்னைத்தான் திட்டினாள். "கொளுத்துற கொல்லையில உனக்கு இன்னா வேல? பாவம், அந்தப் பையன் எப்படி ஆடிப்போயிட்டான் பாரு."

ஹனாவுக்கு இன்னும் ஒரு வரி மிச்சமிருந்தது. ரைகோ அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது, "நீங்க வருவீங்கன்னு தெரியும்" என்று சொல்ல வேண்டும். மைக் முன்னால் உட்கார்ந்தேன். ஹனாவின் உதடுகள் அசைந்தன. நான் என் உதடுகளைத் திறக்கவில்லை. கலை அண்ணன் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டினான். அப்போதும் திறக்கவில்லை.

"சொல்லுடி," என்றாள் இளவரசி, கெஞ்சுவதுபோல.

"வுடு. அப்டியே போட்டுர்றேன்," என்றான் அவன்.

அப்படியேதான் போட்டான். நன்றியில் ஹனாவுக்குப் பேச்சே வரவில்லை, அழுதுவிட்டேன் என்று யார் யாரோ வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தார்கள். அந்த அலறலை மட்டும் வெட்டியெடுத்து ஊர்ப் பையன்கள் போனில் மணியாக வைத்துக்கொண்டார்கள். கடைத்தெருவில் யாருக்காவது அழைப்பு வந்தால் நான் எரிகிறேன்.

நேற்று மாலை கலை அண்ணன் வந்தான். நான் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டாவது சீசன் வந்துருக்கு ஆன்ட்டி. மொத பாகத்துல ஹனா தண்ணியில வுழறா. ஆனிய ஏரிப் பக்கம் இட்டுனு போறேன்."

"தாராளமா இட்டுனு போப்பா. ஊரே இவ கொரலத்தான் பேசுது."

"வரல," என்றேன்.

அம்மா காதில் விழவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தேன். அவன் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். வாசற்படியில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். ஹெட்போன் தலையில் இருந்தது. கையில் மைக். பதிவாகிறது என்று காட்டும் அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இன்னொரு தடவ சொல்லு," என்றான்.