அவர் கேட்ட கதிர்க்குருவி

குளிர் இன்னும் முழுதாக விலகவில்லை. பறவைகள் சரணாலயத்தின் கதவருகே பத்துப் பன்னிரண்டு பேர் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். அவளும் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நின்றாள். வசந்தம் தொடங்கியதும் இவர்களை ஏரியைச் சுற்றி அழைத்துப்போவது அவள் கணவர்தான். பம்ப் ஹவுஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பறவை கண்ணில் படும் முன்பே குரலை வைத்து இன்னதென்று சொல்லிவிடுவார். அதனால் அவருக்கு ராடார் என்று பெயர்.

ராடார் பழுதாகி இரண்டு வருடமாகிறது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். மோட்டார் இரைச்சல் தின்றது போக மிஞ்சிய காதில் தவளைச் சத்தம் விழும், மரங்கொத்தி தட்டுவது விழும். மெல்லிய கீச்சுக்குரல் எதுவும் விழாது. அவர் கையைக் கோத்துக்கொண்டு நடப்பாள். குரல் கேட்டதும் அவர் விரலை அழுத்துவாள். எந்த விரலுக்கு எந்தப் பறவை என்பது ஒருநாள் சமையலறையில் முடிவாயிற்று. அன்றும் காது என்ற சொல்லை இருவரும் எடுக்கவில்லை.

கரையோரத் தண்ணீரில் தவளை முட்டைகள் கொழகொழவென்று மிதந்தன. பாதையில் ஒரு சாரைப்பாம்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணா, அண்ணியக் கையப் பிடிச்சுத்தான் கூட்டிட்டுப் போகணுமா?" என்றாள் நாத்தனார். "புதுசா கல்யாணம் ஆனவங்க மாதிரி என்ன இது, அண்ணி? விட்டா ஓடிப்போயிடுவாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"நான் விட்டா இவதான் தொலைஞ்சு போவா. முப்பது வருஷமா கூட வர்றா. காக்காய்க்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியாது. பிளாஸ்க் தூக்கத்தான் லாயக்கு."

கூட்டத்தில் இருந்த பல் டாக்டர் குனிந்து சிரித்தார். கேமராக்காரர் அவளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கணவர் இதற்கு முன்பும் இப்படிச் சொல்லியிருக்கிறார். மறைப்பதற்காகச் சொல்கிறார் என்றும் அவளுக்குத் தெரியும். ஆனால் இன்று அதைச் சொல்லும்போது அவர் கை அவள் கைக்குள் கதகதப்பாக, எதற்கோ காத்துக்கொண்டு இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

நாணல் திட்டு வந்தது. வலசை திரும்பும் வழியில் கதிர்க்குருவி முதலில் வந்து இறங்குகிற இடம். அதற்காகத்தான் எல்லோரும் விடியலில் எழுந்து வந்திருந்தார்கள். மூச்சை அடக்கி நின்றார்கள். குருவி இல்லை. காற்று மட்டும் இருந்தது.

அவள் அவருடைய சுண்டுவிரலை, கதிர்க்குருவிக்கான விரலை, அழுத்தினாள்.

கை தானாகச் செய்தது என்று சொல்லிக்கொள்ள முடியாது. அழுத்துவதற்கு முன் ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தில் அவள் நன்றாக யோசித்தாள்.

"அதோ!" அவர் முகம் மலர்ந்தது. "வந்துட்டான். இடது பக்கம், நாணலுக்குள்ள. கேக்குதா?"

யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

"ஆமா... லேசா..." என்றார் பல் டாக்டர், மரியாதைக்காக.

"எனக்குத் தவளைதான் கேக்குது, அண்ணா."

"என்னம்மா நீ! எவ்வளவு தெளிவா கூப்பிடுறான்."

கேமராக்காரர் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார். குரலைப் பதிவு செய்து பறவையின் பெயரைச் சொல்லும் செயலி. "சார், இதுல ஒண்ணும் காட்டலையே. வெறும் காத்துதான் பதிவாயிருக்கு."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. அந்தப் பார்வையில் கோபத்தைத் தேடினாள். இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். பரீட்சையில் தப்பாக எழுதிவிட்ட பிள்ளையின் திகைப்புதான் இருந்தது.

'நான்தான்' என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"தப்பு என்னோடதுதான். எனக்குக் காது போயி ரெண்டு வருஷம் ஆச்சு." தொண்டையைச் செருமினார். "இவ கேட்டு என் விரலை அழுத்துவா, நான் சொல்லுவேன். இத்தனை நாள் நீங்க கைதட்டினது இவளுக்குத்தான். இன்னிக்கு இவ சும்மா பிடிச்சதை நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். காக்கா, குயில்னு சொன்னதெல்லாம் என் வாய்க்கொழுப்பு. மன்னிச்சுக்கோ."

இத்தனை பேர் நடுவில் அவர் மன்னிப்புக் கேட்டு அவள் பார்த்ததில்லை. இப்போதாவது சொல்லலாம். சொன்னால் அவர் நிமிர்ந்து நிற்பார், அவள் குனிவாள். கணக்கு அவ்வளவுதான். ஆனால் நாத்தனார் அதற்குள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். நாத்தனாரின் கன்னம் ஈரமாக இருந்தது.

"அண்ணி, ஒரு வார்த்தை சொன்னீங்களா? நான் வேற கிண்டல் பண்ணிட்டு..."

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றாள் அவள்.

அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். கேமராக்காரர் செல்போனைப் பைக்குள் போட்டார். "சார் கொடுத்து வச்சவர்" என்றார் பல் டாக்டர்.

கணவர் கையை நீட்டினார். இதுவரை ஒட்டி நடந்து மறைத்த கையை, எல்லோரும் பார்க்க, விரல்களை விரித்து நீட்டினார்.

"இனிமே நல்லா அழுத்தும்மா. என் மரமண்டைக்கு ஏறணும்ல."

சிரித்தார்கள். அவள் கையைப் பிடித்தாள். சிரிப்பு அடங்கியது. நாணலை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.