நாற்பது ஜன்னல்கள்

இப்போது அவளுக்குக் கடைத்தெருவில் சொந்தக் கடை இருக்கிறது. நான்கு பெண்கள் அவளிடம் திரைச்சீலை தைக்கிறார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வெளிநாட்டிலிருந்து போன் செய்தால், பேச்சு எப்படியோ அந்த நாற்பது ஜன்னலில் போய் நிற்கும்.

அண்ணன் சுயதொழிலுக்குப் போனது ஊரறிந்த விஷயம். அங்கே வாஷிங் மெஷின் கம்பெனியில் ஆட்குறைப்பு செய்த மறுவாரமே வீடு வீடாகப் போய் மெஷின் பழுதுபார்க்கப் பழைய வேன் ஒன்றை வாங்கி, பக்கவாட்டில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, சொந்தபந்தம் எல்லோருக்கும் படம் அனுப்பிவிட்டான். இவள் கதை வேறு. இரண்டாவது குழந்தை பிறந்தபின், தான் வேலை பார்த்த தையல் ஆலையில் அரைநாள் வேலை கேட்டாள், முடியாது என்றார்கள். வீட்டு ஜன்னலுக்கு ஒரு திரை தைத்தாள். மாடிவீட்டு டீச்சர் பார்த்துவிட்டுத் தனக்கும் கேட்டார். அப்படியே இரண்டு வருடம் ஓடியது. யாராவது விசாரித்தால், சும்மா வீட்டில்தான் இருக்கிறேன் என்பாள்.

ஒரு லாட்ஜிலிருந்து நாற்பது ஜன்னலுக்கு ஆர்டர் வந்த வாரம்தான் அண்ணன் விடுமுறைக்கு வந்து இறங்கினான். சாப்பாட்டு மேசை முழுக்கத் துணி. வீட்டுக்காரரும் பிள்ளைகளும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இவ்ளோ பெரிய தொழில வச்சுக்கிட்டு ஏன் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல?" என்றான்.

"உனக்குப் பிள்ளைங்கள பாத்துக்க அண்ணி இருக்காங்க. நீ வேனை எடுத்துட்டுக் கிளம்பிட்ட. நான் பெரியவன ஸ்கூலுக்கு அனுப்பி, சின்னவளத் தூங்க வச்சுட்டுத் தைக்கிறேன். இத என்னன்னு வெளிய சொல்றது?"

அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து திரைகளுக்குக் கொக்கி மாட்ட ஆரம்பித்தான். பாதியைத் தலைகீழாக மாட்டினான். அவள் அவற்றைக் கழற்றிச் சரியாக மாட்டினாள்.

லாட்ஜில் திரைகளைத் தொங்கவிட இருவருமாகப் போனார்கள். மேனேஜர் நேராக அண்ணனிடம் வந்து, இன்னொரு கட்டடத்துக்கும் செய்து தர முடியுமா என்று கேட்டார்.

"நான் ஏணி பிடிக்க வந்தவன் சார். முதலாளி மேல நிக்கிறாங்க, அவங்கள கேளுங்க."

ஏணி உச்சியில் இருந்தவளுக்கு யாரைச் சொல்கிறான் என்று ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் வாயில் கடித்திருந்த கொக்கிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, முடியும், ஆனால் மூன்று வாரம் வேண்டும் என்றாள். 

அடுத்த மாதமே இரண்டாவது மெஷின் வந்தது. ஆலையில் கூட வேலை பார்த்த கைக்குழந்தைக்காரி ஒருத்தி வந்து சேர்ந்தாள். பிறகுதான் கடை. அண்ணனும் வயதாகி வேனை விற்றுவிட்டான். அவன் துணிக்குவியலுக்கு நடுவே கால் நீட்டி உட்கார்ந்து, சின்ன வயதுச் சண்டைகளையெல்லாம் கிளறிக் கிளறிச் சிரித்த அந்த ஒரு வாரத்தைப் போல் இன்னொன்று மட்டும் அப்புறம் அவர்களுக்கு வாய்க்கவே இல்லை.