நம்பத்தகுந்த பதில்கள் இல்லை

அரசு மருத்துவமனையின் பேச்சு மற்றும் செவித்திறன் பிரிவில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'உளவுத்துறை'. சம்பளம் வாங்குவது காதைச் சோதிக்க. பதினெட்டு வருடமாக அவள் சோதித்துவந்தது என்னவோ மனிதர்களின் யோக்கியதையை. காது கேட்கவில்லை என்று வருகிறவர்களில் பாதிப்பேர் சான்றிதழுக்காக நடிக்கிறார்கள், மீதிப்பேர் இன்னும் மாட்டவில்லை என்பது அவள் கட்சி.

பெரிய டாக்டருக்கு இந்தக் கட்சி மிகவும் பிடித்திருந்தது. துறைத் தலைவரான அவர், மூன்று பேர் கூடிய இடத்தை மாநாடு என்று நினைத்துத் தொண்டையைக் கனைப்பவர். 'போலிகளைக் கண்டறிவதில் ஒரு முன்னோடி மையம்' என்று அடுத்த மாதம் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப் போகிறார். கண்டறிவது அவள், முன்னோடி அவர்.

அன்று வந்தவர் குடிநீர் நிலையத்தின் பம்ப் ஆபரேட்டர். இருபத்திரண்டு வருடம் மோட்டார்களுக்கு நடுவில் நின்றவர். காது கெட்டிருக்கிறது என்று அறிக்கை கிடைத்தால் அலுவலகப் பக்கம் மாற்றிவிடுவார்கள். அறிக்கை அன்று மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. இவர் திங்கட்கிழமை மறுபடி பம்ப் அறைக்குப் போய், மிச்சமிருக்கும் காதையும் மோட்டாருக்குக் கொடுக்க வேண்டியதுதான்.

சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று வருகிறவர்களை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும் என்று அவள் மனதுக்குள் குறித்துக்கொண்டாள். கூடவே ஒரு மனைவி வேறு. சாட்சியோடு வந்திருக்கிறார்.

சத்தம் புகாத அறையில் அவரை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தாள். "எவ்வளவு சன்னமா கேட்டாலும் அமுக்குங்க. கேக்கலைன்னா அமுக்காதீங்க." இதைவிட எளிமையாக ஒரு வேலையை யாருக்கும் சொல்லித்தர முடியாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வலது காதுக்கு முதல் பீப்பை அனுப்பினாள்.

முப்பது டெசிபலில் அமுக்கினார். நாற்பதில் அமுக்கவில்லை. அறுபதிலும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். திரும்ப முப்பதுக்கு வந்தால், சட்டென்று அமுக்கினார்.

அவளுக்குள் ஒரு பழைய சந்தோஷம் தலைதூக்கியது. சன்னமான சத்தம் கேட்கிறதாம், பெரிய சத்தம் கேட்கவில்லையாம். நடிக்கிறவனுக்கு எங்கே நிறுத்தினோம் என்று நினைவிருக்காது. மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் மூன்று விதம்.

கடைசி அஸ்திரம் ஒன்று உண்டு. அவர் வெளியே வந்து வாசலை நோக்கி நடந்தபோது, முதுகுக்குப் பின்னாலிருந்து அடிக்குரலில் சொன்னாள்: "பர்ஸ் விழுந்துடுச்சு பாருங்க."

அவர் திரும்பினார். "என்ன மேடம்?"

போதும். உட்கார்ந்து கணினியில் ஏற்றினாள்: 'நம்பத்தகுந்த பதில்கள் இல்லை.' நாகரிகமான வாக்கியம். பொய்யன் என்று சொல்லாமல் பொய்யன் என்று சொல்வது.

அச்சிட்டுக் கொடுத்ததைப் படித்ததும் மனைவி கொதித்துவிட்டாள். "என்ன மேடம் இது? எங்க வீட்டுக்காரருக்கு நடிக்க வருமா? பொண்ணு பார்க்க வந்தப்பவே மூஞ்சிய மறைக்கத் தெரியாத மனுஷன்!"

"மெஷின் பொய் சொல்லாதும்மா."

"நானும்தான் பத்து வருஷமா சந்தேகப்பட்டேன். நான் திட்டினா மட்டும் கேக்காத மாதிரி இருக்காருன்னு. ஆனா குக்கர் விசில் அடிச்சாலும் இப்படித்தான் உக்காந்திருக்காரு. குக்கர்கிட்ட இவருக்கென்ன கோவம்?" புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள். "என் காது பாம்புக் காது. எனக்கு மாட்டி விடுங்க. உங்க மெஷின் என்ன சொல்லுதுன்னு பாத்துடலாம்."

விதியில் இதற்கு இடமில்லை. ஆனால் ஒரு வாயாடியை அடக்க இதைவிட நல்ல வழியும் இல்லை. உட்காரவைத்தாள்.

மனைவி இருபதில் அமுக்கினாள். முப்பதில் இல்லை. ஐம்பதில், கண்ணாடி வழியாகப் பார்த்து, "என்ன, ஆரம்பிக்கலையா?" என்று வாயசைத்தாள். மறுபடி இருபதில் அமுக்கினாள்.

உளவுத்துறையின் முதல் எண்ணம், இருவரும் வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்பது. இரண்டாவது எண்ணம் வர அரை நிமிடம் ஆயிற்று. கோளாறு மெஷினிலேயே இருந்தால்?

மனைவியை எழுப்பிவிட்டு ஹெட்போனைத் தானே மாட்டி, கதவு வழியாகக் கையை நீட்டித் தொடர் ஒலியைத் திருப்பிவிட்டாள். வலது காதில் பீப் கேட்டது. தலையை லேசாகச் சாய்த்தாள். நின்றது. நிமிர்ந்தாள். வந்தது. வயர் செருகும் இடத்தில் உள்ளே அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஆள் அசைந்தால் சத்தம் போய்விடும், அசையாமலிருந்தால் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க உளவுத்துறை தேவையில்லை. தினமும் காலையில் முதல் நோயாளிக்கு முன்னால், சோதிக்கிறவரே ஹெட்போனை மாட்டி ஒவ்வொரு ஒலியையும் கேட்டு, பதிவேட்டில் ஒரு டிக் போட வேண்டும். டிக்கெல்லாம் இருந்தது. மாதம் முழுவதற்கும், இன்னும் வராத நாட்களுக்கும் சேர்த்து, ஒன்றாம் தேதியே ஒரே பேனாவில் அவள் போட்டுவைத்தது.

அலமாரியிலிருந்து புது வயரை எடுத்து மாட்டினாள். எல்லா ஒலியையும் தானே கேட்டாள். ஆபரேட்டரை மறுபடி உட்காரவைத்தாள். மூன்று முறை செய்தாலும் வரைபடத்தில் ஒரே கோடு. கூர்மையான ஒலிகள் இரண்டு காதிலும் பெரும்பாலும் போயிருந்தன. அடிக்குரலில் யாரோ பேசுவது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. அவர் திரும்பி "என்ன மேடம்?" என்று கேட்டது நிஜமாகவே என்னவென்று தெரியாமல்தான்.

"மன்னிச்சுக்கங்க. தப்பு எங்க பக்கம்" என்றாள். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. மனைவி காதருகே போய்க் கத்திச் சொன்னாள், வேண்டுமென்றே நடைபாதை முழுக்கக் கேட்கும்படி.

ஏற்றிய அறிக்கையை மாற்றக் காரணம் எழுதிப் பெரிய டாக்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மணி நாலேகால்.

அவர் காரணத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "'தினசரிச் சோதனை செய்யாமலே செய்ததாக நான் குறித்தேன்'. என்னம்மா இது, வாக்குமூலமா? 'தொழில்நுட்பக் காரணங்களால்'னு எழுதுங்க. அழகா இருக்கும்."

"அழகா இருக்கும் சார். ஆனா, இந்த மாசத்துல இதே வயர்ல இன்னும் ஒம்பது பேருக்கு 'நம்பத்தகுந்த பதில்கள் இல்லை'ன்னு எழுதியிருக்கேன். காரணத்தை எழுதினாத்தான் அவங்களையும் திரும்பக் கூப்பிட முடியும்."

"ஒம்பதா?" அவர் முகம் மாறியது. "அந்த ஒம்பதையும் சேர்த்துத்தானே என் கட்டுரையில கணக்கு!"

"சேர்க்காதீங்க சார்."

"உங்க மேல விசாரணை வரும். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

"வரட்டும் சார். இப்ப இதுல கையெழுத்துப் போடுங்க. அஞ்சு மணிக்குள்ள போகணும்."

அவர் தேள் கொட்டப்போகிற மாதிரி பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். தம்பதி காகிதத்தை வாங்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார்கள். மனைவி நன்றி சொல்லவில்லை. எதிர்பார்க்கவும் உளவுத்துறைக்கு முகமில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து ஒன்பது பெயர்களின் எண்களை எடுத்தாள். முதல் எண்ணை எடுத்த இளம்பெண், அந்தப் பெரியவரின் மருமகள் என்றாள்.

"அரசு ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். உங்க மாமனாருக்குக் காது டெஸ்ட் பண்ணோமே, அதுல தப்பாயிடுச்சு. எங்க தப்பு. திரும்ப வரச் சொல்றீங்களா?"



"யாரு நீ? கவர்மெண்ட்டு ஆஸ்பத்திரியில போன் பண்ணித் தப்புன்னு ஒத்துக்குவாங்களா? அடுத்தது ஓடிபி கேப்ப, அதானே? இந்த நம்பரைப் போலீஸ்ல குடுத்துருவேன், ஜாக்கிரதை!"

போன் வைக்கப்பட்டது. அவள் முகவரியைப் பார்த்தாள். மருத்துவமனையிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். கைப்பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு எழுந்தாள்.