சார் போகச் சொன்ன வள்ளம்

ஜெபதாஸ் சாருக்குப் பூமியைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது. இருபத்தெட்டு வருஷம் எட்டாம் வகுப்புக்குப் புவியியல் நடத்தியவர். சுமத்ரா பக்கத்தில் ஒரு தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் எப்படி நுழைகிறது, மேல் தட்டு விருட்டென்று எழும்பிக் கடலை எப்படித் தூக்கிவிடுகிறது என்று இரண்டு பரீட்சை அட்டைகளை வைத்துச் செய்து காட்டினால் கடைசி பெஞ்சுக்கும் புரியும். என்ன, அப்படிக் காட்ட ஆரம்பித்தது 2004 சுனாமி வந்து போன பிறகுதான். அதுவரை பரீட்சைக்கு வராது என்று அந்தப் பாடத்தையே தாண்டிவிடுவார்.

சுனாமிக்குப் பிறகு இராஜாக்கமங்கலம் கடற்கரையில் குடியிருக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. வரைபடத்தை விரித்து, உயரக் கோடுகளை விரலால் எண்ணி, குலசேகரத்துக்கு அப்பால் ரப்பர் தோட்டத்து நடுவில் பத்து சென்ட் வாங்கி வீடு கட்டினார். எந்த அலையும் இங்கே ஏறி வராது என்று மனைவி நேசபாயிடம் பைபிள் மேல் கைவைக்காத குறையாகச் சொன்னார். வீட்டைச் சுற்றி நின்ற மரங்களைப் பற்றி வரைபடத்தில் எதுவும் இல்லை. அவரும் யோசிக்கவில்லை.

2017 நவம்பர் கடைசியில் ஒரு புதன்கிழமை மத்தியானம் ஏசுஅடிமை போன் செய்தான். பழைய மாணவன், பழைய பக்கத்து வீட்டுக்காரன், சொந்தமாக வள்ளம் வைத்து மீன்பிடிக்கிறவன். காற்று ஒரு மாதிரி கிடக்கிறது, சாயங்காலம் கடலுக்குப் போகலாமா என்று கேட்டான். ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் ஒருவன் சந்தேகம் கேட்டால் சும்மா விடுவாரா? கால் மணி நேரம் வகுப்பெடுத்தார். புயலுக்குச் சுழற்சி வேண்டும், பூமத்தியரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் அது போதாது, வங்கக் கடலில் பிறக்கிறதெல்லாம் கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும்தான் போகும் என்றார்.

"புயலுக்கு நம்ம ஊருக்கு வழி தெரியாதுலே. தைரியமாட்டு போ."

மறுநாள் காலையில் ஒக்கிப் புயல் யாரிடமும் வழி கேட்காமல் வந்து சேர்ந்தது. முதல் ரப்பர் மரம் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. இரண்டாவது சமையலறைக் கூரையில். ஜெபதாஸ் சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்து, வசதியாக உட்கார்ந்த பிறகுதான் நேசபாயைக் கூப்பிட்டார். அவள் வந்ததும், புயல் காற்று எந்தப் பக்கமாகச் சுற்றும் என்று விளக்கவும் தொடங்கினார். நேசபாய் ஓட்டுத் தூசியைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏசுஅடிமைக்கும் இதத்தான் சொன்னியளா?"

ஜெபதாஸ் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஏசுஅடிமையின் நம்பரை அழுத்தினார்.

போன் செத்துவிட்டது. ரோடு முழுக்க மரம். மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் ஏசுஅடிமையின் மனைவி கிளாராவின் முகம் வந்தது. அவளிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். எப்படி ஆரம்பித்தாலும் அது பூமத்தியரேகையில் போய் நின்றது. தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

நாலாம் நாள் பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் பஸ்ஸிலுமாக இராஜாக்கமங்கலம் துறைக்கு வந்தார். தெருவுக்குள் நுழையும்போதே அழுகைச் சத்தம் கேட்டது. கிளாரா வாசலில் நின்றிருந்தாள்.

"நான்தான் அவனப் போகச் சொன்னேன், கிளாரா" என்றார்.

உள்ளேயிருந்து டீ டம்ளரோடு ஏசுஅடிமை வந்தான். ஜெபதாஸ் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை அவன் காத்திருந்தான்.

"நீங்க போகச் சொன்னிய. அதான் சார் போவல்ல."

விஷயம் இதுதான். சுனாமி அன்று காலையில் கடல் உள்வாங்கியபோது, இது வெறும் வற்றம், தினமும் இறங்குகிற தண்ணீர்தான், பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டு என்று சொன்னவர் ஜெபதாஸ். அவர்கள் தப்பியது கிளாரா கேட்காததால். கடல் விஷயத்தில் சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு நேர் எதிராகச் செய்வது என்று அன்றைக்கே வீட்டில் முடிவெடுத்திருக்கிறார்கள். அதை எல்லாரும் மறந்திருப்பார்கள் என்று பதின்மூன்று வருஷமாக நம்பியிருந்தார் சார்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. மூவரும் சிரித்தார்கள். பக்கத்துத் தெரு அழுகை மறுபடி எழுந்ததும் சிரிப்பு நின்றது. அந்தத் தெருக்காரர்கள் சிலுவையின் வள்ளமும் செல்வதாசின் வள்ளமும் இன்னும் கரை சேரவில்லை என்றாள் கிளாரா.

"அவங்க யாருகிட்டயும் கேக்கல்லியாலே?" என்றார் ஜெபதாஸ்.

ஏசுஅடிமை டம்ளரைக் கீழே வைத்தான்.

"அவங்க ஒங்ககிட்ட படிக்கல்லியே, சார்."