மார்லிஸ் அடைத்த தோட்டா

வெர்லின் குறிபார்த்துச் சுடுவதற்காகக் கம்பிவேலியில் குத்தியிருந்த தாளைக் கெய்லன் பிய்த்து எடுத்துவந்து தன் வண்டியின் முன்மூடிமேல் விரித்தான். காற்றில் பறக்காமல் ஒரு ஓரத்தை முழங்கையால் அழுத்திக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு கால் டாலர் நாணயத்தை எடுத்து ஓட்டைகளின்மேல் வைத்தான். இரண்டு ஓட்டைகள் மறைந்தன. நாணயத்தை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தான். எப்படி வைத்தாலும் இரண்டுதான் மறைந்தன. மற்ற இரண்டும் விலகிக் கிடந்தன. ஐந்தாவதைச் சுடுவதற்குள் வேலிக்கு அப்பால் மாடுகள் வந்துவிட்டதால் கெய்லனே கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லியிருந்தான். சுட்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

"தையல் மெஷின் மாதிரி டக்டக்குனு நல்லாத்தான் ஓடுது. துணிதான் கோணிப்போகுது," என்றான் டெல்மர்.

வெர்லின் துப்பாக்கியிலிருந்து, தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றிவிட்டு, உள்ளே ஏறியிருந்த அந்த ஐந்தாவது தோட்டாவை வெளியே தள்ளினான். அது மேசையில் விழுந்து உருண்டது. தரையில் விழுவதற்குள் அவன் மனைவி மார்லிஸ் பிடித்து, மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

கெய்லனின் மேய்ச்சல் நிலத்தில் பிரெய்ரி நாய்கள் ஒரு ஊர் அளவுக்குப் பெருகிவிட்டிருந்தன. நாய் என்பது பெயரளவில்தான், குரைக்கிற அணில்கள். புல்லை வேரோடு மேய்ந்து, தரையெங்கும் வளை தோண்டி வைத்துவிடும். அதில் கால் மாட்டி ஒடிந்த கன்றுகளை ஒவ்வொரு வருடமும் பார்க்க நேரும். ஜூனில் கன்றுகளுக்குச் சூடுபோட்டு முடித்த மறுவாரம் சிநேகிதர்களெல்லாம் அங்கே கூடிச் சுடுவார்கள். அதற்குக் கெய்லன் ஒரு விதி வைத்திருந்தான். அடிபட்டு வளைக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சாகிற பிராணியை நினைத்தால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. ஆகவே நூறு கஜத்தில் ஐந்து குண்டுகள், மேகசினிலிருந்து வரிசையாக, ஒரு நாணயத்தின் அடியில் அடங்க வேண்டும். அடங்காதவர்கள் வண்டி ஓட்டலாம், தொத்திறைச்சி வறுக்கலாம். போன வருடம் வெர்லின்தான் வண்டி ஓட்டினான்.

"இன்னும் ஒரு மாசம் இருக்குடா," என்றான் கெய்லன், தாளை மடித்தபடி. "அடங்கலேன்னாலும் நீ வந்து சுடு. உனக்கு விட்டுக்குடுத்தா யாரு கேக்கப்போறா?"

"நான் கேப்பேன்," என்றான் வெர்லின்.

திரும்பும் வழியில் மார்லிஸ் வண்டியை ஓட்ட, வெர்லின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இரண்டு இலையுதிர்காலங்களுக்கு முன்னால் தானியம் ஏற்றும் திருகுக்குழாய் அவன் வலதுகையில் கட்டைவிரலையும், நடுவிரலையும், அதற்கடுத்ததையும் எடுத்துக்கொண்டிருந்தது. விசையை இழுக்கச் சுட்டுவிரல் மிச்சமிருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைப் பிடித்துத் திருப்பி இழுக்கும் பழைய துப்பாக்கிகள் எதுவும் இனி அவனுக்கு ஆகாது. சுட்டவுடன் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் இந்தத் துப்பாக்கியை அதற்காகத்தான் வாங்கினார்கள்.

"இந்தத் தடவையும் வண்டிதான்னா நான் வரலை," என்றான். "இனிமே எப்பவுமே வரலை. எல்லாத் துப்பாக்கியையும் உன் தம்பி எடுத்துட்டுப் போகட்டும்."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் மார்லிஸ் பதில் சொல்லியிருப்பாள். டயர் மாற்ற வேண்டும் என்று சொல்வதுபோலச் சொன்னான். அதனால் அவள் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தாள்.

தோட்டாக்கள் கடையில் வாங்கியவை அல்ல, சுட்டுத் தீர்ந்த ஓடுகளில் அவள் மறுபடி அடைத்தவை. தோட்டாவின் அடியில் பொருத்தும், மிளகளவே இருக்கும் வெடிகேப்புகளை அந்தக் கையால் எடுக்க முடியாது என்று தெரிந்த அன்று வெர்லின் கராஜ் மேசையைத் துணிபோட்டு மூடிவிட்டான். ஒரு வாரம் கழித்து அவள் துணியை விலக்கினாள். தானியக் கிடங்கின் எடைமேடையில் அவளுக்கு வேலை. பகல் முழுக்கக் கோதுமை லாரிகளை எடைபோட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து வெடிமருந்துப் பொடியை எடைபோட்டாள். "டன் கணக்குல பாத்துட்டு வரவளைத் தூசியை எண்ணச் சொல்றியே," என்று முதல்நாள் அலுத்துக்கொண்டாள். அவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பான். பித்தளை ஓடுகளை நன்றாகக் கழுவு. ஓட்டின் கழுத்தைச் சீவு. குண்டை அழுத்தி உட்கார வை, ஆனால் கழுத்து அதை லேசாகப் பிடித்தால் போதும். இறுக்கிப் பிடித்தால் குண்டு நேராகக் கிளம்பாது. அந்த 'லேசாக' என்பதை அவன் இரண்டு விரல்களைக் காற்றில் ஒட்டிப் பிரித்துக் காட்டுவான். அவன் கலந்துகொண்ட போட்டிகள், வென்ற கோப்பைகள் எல்லாம் அந்த லேசுக்குள் இருந்தன.

குளிர்காலம் முழுக்க மருந்தை மாற்றினாள், அளவைக் கூட்டினாள், குறைத்தாள், குண்டு உட்காரும் ஆழத்தை மாற்றினாள். பனி விலகிய பிறகு வீட்டுக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் ஒரு நாள் ஐந்து ஓட்டைகளும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நின்றன. அந்தத் தாளை வெர்லின் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினான். அடுத்த நாளும் அப்படியே சுட்டான். பிறகுதான் கெய்லனிடம் போனார்கள்.

வீட்டில் அடங்குவது அங்கே ஏன் சிதற வேண்டும்? காற்று என்றான் வெர்லின். காற்று இல்லை என்று அவளுக்குத் தெரியும். தாளைப் பிடிக்க முழங்கை தேவைப்பட்ட காற்று பிறகுதான் எழுந்தது. பதற்றமா என்றால், அவன் பதறுகிற ஆள் இல்லை. சட்டையைத் துவைக்கப் போடும்போது பையிலிருந்த, சுடாத அந்தத் தோட்டா கையில் தட்டுப்பட்டது. பெட்டியில் மிச்சமிருந்தவற்றோடு சேர்த்து வைத்தாள். ஒன்று மட்டும் வரிசையைவிட்டு உயர்ந்து நின்றது. வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தாள். வெறும் தாளின் தடிமன் அளவல்ல, நன்றாகவே நீண்டிருந்தது. எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் அடைத்தவள் அவள். தன் கைமேல் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. தோட்டாதான் வளர்ந்திருந்தது.

அன்றிரவு சமைத்துக்கொண்டே யோசித்தாள். வீட்டில் சுடும்போது வெர்லின் மேகசினே போடுவதில்லை. ஒவ்வொரு தோட்டாவாக உள்ளே வைத்து, போல்ட்டை இடதுகையால் பிடித்து மெதுவாக விட்டு, பக்கவாட்டுப் பொத்தானைத் தட்டி மூடுவான். பழைய துப்பாக்கிக்குக் காட்டிப் பழகிய மரியாதை அது. கெய்லன் இடத்தில் மேகசினிலிருந்து சுட்டான். அப்போது போல்ட் அறைந்து சாத்துகிறது. ஓடு சட்டென்று நிற்க, லேசாகப் பிடித்த குண்டு தன் வேகத்தில் முன்னால் நழுவுகிறது. ஒன்று கொஞ்சம், இன்னொன்று அதிகம். அதனால்தான் சிதறல்.

இனிக் கழுத்தை இறுக்கி அடைத்தால் போதும். அவனுக்குச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. மருந்தை மாற்றினேன் என்று சொன்னால் நம்பிவிடுவான். சட்டியை அடுப்பிலிருந்து இறக்கும்வரை அவள் அந்த எண்ணத்தில்தான் இருந்தாள். பிறகு நீண்ட தோட்டாவையும் பெட்டியிலிருந்து இன்னொன்றையும் சாப்பாட்டு மேசையில், அவன் தட்டுக்குப் பக்கத்தில், நிற்கவைத்தாள்.

அவன் குனிந்து இரண்டின் உயரத்தையும் ஒப்பிட்டான்.

"நீ அடைச்சப்பவே இப்படி இருந்திருக்கும்."

"என் கையில அப்படி வராது."

வெர்லின் வெர்னியரை எடுத்தான். இடதுகையால் அதைப் பிடித்து, வலதுகையின் மிச்சத்தால் தோட்டாவை அணைத்து, அளக்க முயன்றான். நழுவியது. மீண்டும் எடுத்தான். அவள் உதவிக்குப் போகவில்லை, உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தாள்.

"முப்பது வருஷம் இப்படித்தான் அடைச்சேன்," என்றான் கடைசியில். "அப்ப நான் சொல்லிக்குடுத்தது தப்பா?"

"சொன்னது சரிதான். அது அந்தத் துப்பாக்கிக்கு. இதுக்கு ஆகாது."

"லேசாப் பிடிக்கணும்னு கடவுளே வந்து சொன்ன மாதிரி சொன்னேனே."

"ஆமா, கையெல்லாம் ஆட்டி."

மறுநாள் காலையில் மண்மேட்டுக்குப் போய், மேகசினைப் போட்டு, போல்ட்டை அறையவிட்டு, சுடாமலே வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக அவனே அளந்தான். எல்லாம் நீண்டிருந்தன, எதுவும் ஒன்றுபோல் இல்லை. திரும்பி வந்து பெட்டியை அவள்முன் வைத்தான்.

"எல்லாத்தையும் பிரி. முதல்லேர்ந்து ஆரம்பிப்போம்."

ஆரம்பித்தபோது மோசமாகத்தான் இருந்தது. கழுத்து இறுகியதும் பழைய மருந்தளவு ஒத்துவரவில்லை. ஓட்டைகள் தாள் முழுக்கச் சிதறின. வெர்லின் இம்முறை ஸ்டூலில் உட்கார்ந்து கேள்விகள் மட்டும் கேட்டான். "இதை ஏன் கொறைக்கிறே?" "அதைக் கொஞ்சம் ஆழமா வச்சா என்ன ஆகும்?" அவள் சில சமயம் பதில் சொன்னாள், சில சமயம் "தெரியலை, சுட்டுப் பாரு" என்றாள். குளிர்பெட்டிக் கதவிலிருந்த தாளை யார் எடுத்தார்கள் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஜூன் பிறந்த பிறகுதான் ஓட்டைகளின் கொத்து ஒடுங்கத் தொடங்கியது. கெய்லன் வீட்டில் சூடுபோடும் வேலைக்குப் போனபோதுகூட அவள் மனதில் ஒரு அளவு ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் அதை அடைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு எதையும் மாற்றவில்லை.

எல்லோரும் கூடிச் சுடும் அந்தச் சனிக்கிழமை வானம் கழுவியதுபோல இருந்தது. டெல்மர் முதலில் சுட்டு, தன் ஐந்தையும் அடக்கிவிட்டு, நாணயத்தைச் சுண்டிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க, தையல்காரரே. இன்னைக்கு எந்தத் துணி?"

"உன் வாயைத் தைக்கிற அளவுக்கு," என்றாள் மார்லிஸ்.

வெர்லின் உட்கார்ந்தான். மேகசினைப் பொருத்தி, கைப்பிடியை இடதுகையால் இழுத்து, முழுசாக அறையவிட்டான். அந்தச் சத்தத்தை அவன் விரும்பப் பழகிவிட்டான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஐந்து முறை சுட்டான். அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை.

கெய்லன் போய்த் தாளைக் கொண்டுவந்தான். வழியிலேயே பார்த்துக்கொண்டு வந்தான் போலிருக்கிறது, நடை மெதுவாக இருந்தது. முன்மூடிமேல் விரித்து நாணயத்தை வைத்தான். எதுவும் வெளியே தெரியவில்லை. நாணயத்தை எடுத்துவிட்டு மறுபடி வைத்தான்.

டெல்மர் குனிந்து, "இது ஓட்டையா, ஓட்டைகளா?" என்றான்.

"எந்தக் கடைத் தோட்டாடா இது?" என்றான் கெய்லன்.

வெர்லின் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "கடையா? இவ அடைச்சது. நான் சொன்னபடி அடைச்சிருந்தா இந்நேரம் உங்களுக்குத் தொத்திறைச்சி வறுத்துட்டு இருப்பேன். என் பேச்சைக் கேக்காம அடைச்சா." அடுத்துச் சுடக் காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னான். பிறகு இன்னும் சத்தமாக, "மார்லிஸ் அடைச்சது," என்றான்.

மார்லிஸ் வண்டியருகே இல்லை. மேசைக்கு வலப்பக்கம் புல்லில் மண்டியிட்டிருந்தாள். துப்பாக்கி வீசியெறிந்த ஓடுகளில் நான்கு அவள் உள்ளங்கையில் சூடாகக் கிடந்தன. காதுகள் சிவந்திருந்தது வெயிலால்தான் என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று இன்னும் குனிந்தாள்.

"ஒண்ணு குறையுது," என்றாள்.

"ஒரு பித்தளை ஓட்டுக்கா இந்தப் பாடு? என் வண்டியில வாளி நிறைய இருக்கு, அள்ளிக்கோ," என்றான் டெல்மர்.

"உன்னோடது எனக்கு எதுக்கு? இது எல்லாம் ஒண்ணாக் கழுவி, ஒண்ணாச் சீவினது."

வெர்லின் வந்து அவள் பக்கத்தில் முழங்காலிட்டான். அந்தக் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வது அவன் வழக்கம். இப்போது வெளியே எடுத்து, மிச்ச விரல்களால் புல்லை வகிர்ந்து தேடினான். கெய்லன் தாளை மடித்து வண்டிக்குள் வைத்துவிட்டு வந்து குனிந்தான். கொஞ்சநேரம் நின்று பார்த்த டெல்மரும் முனகிக்கொண்டே முட்டிபோட்டான். நான்கு முதுகுகளும் காற்றில் சாயும் புல்லுக்கு நடுவே நகர்ந்துகொண்டிருக்க, வேலிக்கு அப்பால் தன் மண்மேட்டில் ஒரு பிரெய்ரி நாய் பின்னங்கால்களில் எழுந்து, முன்கைகளை நெஞ்சில் சேர்த்துக்கொண்டு, அவர்களையே பார்த்து நின்றது.