மணிமுத்தாறு பட்டாலியன்

“காது தெரியணும் பலவேசம். அதுதான் அளவு” என்றார் சுடலைக்கண்ணு.

பலவேசத்தின் கத்தரிக்கோல் பாதி திறந்தபடி நின்றது. அந்தத் தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முகம் மழிக்க வருகிறவர் அவர்தான். இன்றைக்கும் அதற்காகத்தான் வந்திருந்தார். பின்கட்டில் பெஞ்சு மேல் கிடத்தியிருந்த, சுடலைக்கண்ணுவின் தம்பி மணிமுத்துவின் முடி, பாதி நரைத்து, தோளைத் தாண்டி, பெஞ்சு விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. ஐம்பத்தைந்து வயதில் அவ்வளவு முடி. செத்தவர்களுக்குச் சவரம் உண்டு, முடி வெட்டுகிற வழக்கம் கேள்விப்பட்டதில்லையே என்று பலவேசம் இழுத்தார். சுடலைக்கண்ணு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகியும், சும்மா நின்றே வேலை வாங்கும் வித்தை அவரை விட்டுப் போகவில்லை. கத்தரிக்கோல் மூடியது.

அடுப்படி வாசலில் நின்ற வள்ளித்தாய், கொழுந்தனின் முதல் கற்றை சிமெண்டுத் தரையில் விழுந்ததும் உள்ளே போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் புருஷனோடு போட்ட சண்டையெல்லாம் இப்படி உள்ளே போய்விடுவதுதான்.

சுடலைக்கண்ணுவுக்கு வேறு வழி தெரியவில்லை. காலைக்குள் தென்காசி பூராவும் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. சம்பந்தி பாண்டிராஜின் ஏற்பாடு. வாசுதேவநல்லூரில் ரைஸ் மில் வைத்திருக்கிறவர். எதையும் குறைவாகச் செய்து பழக்கமில்லை. மணிமுத்துவின் ஆதார் அட்டைப் படத்தை வாங்கி அச்சகத்தில் கொடுத்து, காக்கிச் சட்டையும் தொப்பியும் மாட்டவைத்து, கீழே ‘தமிழ்நாடு காவல்துறை பேண்டு வாத்தியக் கலைஞர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். தொப்பியை மாட்டிய அச்சகத்துக்காரன் காதுக்குக் கீழே எட்டிப் பார்த்த முடியை அழிக்க மறந்துவிட்டான். மாலையோடு வரும் டிபார்ட்மெண்ட் ஆட்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறவனையும் அப்படிப் பார்க்க வேண்டாம்.

அப்படி ஒரு பொய்யை சுடலைக்கண்ணு சொன்னதே இல்லை. அதுதான் அதில் விசேஷம். பதினைந்து வருஷத்துக்கு முன் மகள் அனுசியாவைப் பெண் கேட்டு வந்தபோது, தம்பி என்ன செய்கிறார் என்று பாண்டிராஜ் விசாரித்தார். பேண்டில் இருக்கிறான் என்றார் இவர். சொன்ன பிறகுதான் உடம்பு சுட்டது. இந்தப் பக்கத்தில் பேண்டு என்றால் கல்யாணத்துக்கும் பிணத்துக்கும் முன்னால் சரிகைச் சட்டை போட்டு ஊதிப் போகிற பேண்டு செட்டுதான். நிலபுலன் உள்ள வீட்டுப் பையன், போலீஸ்காரன் தம்பி, அதில் போகிறான் என்றால் வந்தவர்கள் இலையில் உட்காருவார்களா? ஆனால் பாண்டிராஜுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“ஓ, போலீஸ் பேண்டா? தம்பியையும் டிபார்ட்மெண்ட்லயே சேத்துவிட்டுட்டியளாக்கும்.”

சுடலைக்கண்ணு காப்பி டம்ளரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அவர் செய்தது அவ்வளவுதான்.

மணிமுத்து இருந்தது ‘ரூம் காலி’யில், அதற்கும் பத்து வருஷம் முன்பிருந்தே. குற்றாலத்தில் அவர்கள் குடும்பத்துக்கு அப்போது ஒரு லாட்ஜ் இருந்தது. சீசன் மூன்று மாதம் போனால் மீதி ஒன்பது மாதமும் ஈ ஓட்டும். மணிமுத்துதான் மேனேஜர். ஆளில்லாத ஒன்பதாம் நம்பர் அறைக்குச் சிநேகிதன் துல்கர்னைன் கிடாரோடு வந்தான். மேலகரத்திலிருந்து ஜெபசிங் டிரம்ஸை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான். மணிமுத்து எழுதினான், பாடினான். சினிமாப் பாட்டு இல்லை, கச்சேரி இல்லை, கோயில் கொடைத் திருவிழாவுக்கும் ஆகாது. அதற்கு ராக் என்று பெயர் சொன்னார்கள். லாட்ஜ் வாசலில் தொங்கிய பலகையையே பேண்டுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

சுடலைக்கண்ணு அப்போது குற்றாலம் ஸ்டேஷனில் ஏட்டு. ஓர் ஐப்பசி மாதம், சத்தம் தாங்கவில்லை என்று எதிர் லாட்ஜ்காரர் புகார் சொல்ல, மற்றவர்களை அனுப்பாமல் தானே போனார். மாடிப்படி ஏறும்போது உள்ளே பாட்டு தொடங்கியிருந்தது. ஈரச் சுவர், மூடிக் கிடந்த அறைகள், வெளியே அருவிச் சத்தம், நடுவில் தம்பியின் குரல். கதவைத் தட்டக் கையைத் தூக்கினவர், இது முடியட்டும் என்று நின்றார். முடிந்தது. அடுத்தது தொடங்கியது. அதுவும் முடிந்த பிறகுதான் தட்டினார். “சத்தத்தக் கொறைங்கலே” என்றதோடு இறங்கிவிட்டார். எதிர் லாட்ஜ்காரரிடம், பயல்களைக் கண்டித்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

முதல் ஆல்பம் ‘ஒன்பதாம் நம்பர்’ கேசட்டாக வந்தது. ஐந்நூறு போட்டார்கள். அட்டை சிவகாசியில் அச்சானது. மணிமுத்து ஒன்றை ஸ்டேஷனுக்கே கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்தான். ரைட்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார். சுடலைக்கண்ணு அதை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். அடுத்த மாதமே சங்கரன்கோவிலுக்கு மாற்றல் வந்தது. டிராயர் குற்றாலத்திலேயே இருந்தது.

மூன்றாவது ஆல்பத்தின் பெயர் மட்டும் அவர் காதுக்கு வந்தது. ‘மணிமுத்தாறு பட்டாலியன்.’ மணிமுத்தாறில் சிறப்புக் காவல்படை பட்டாலியன் இருப்பது ஊரறிந்தது. உம்ம தம்பி போலீசைக் கேலி பண்ணிப் பாட்டுப் போட்டிருக்கானாமே என்று ஸ்டேஷனில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அன்றோடு தம்பியிடம் பேச்சை நிறுத்தினார். பதினாலு வருஷம். வெளியூரில் இருந்த மணிமுத்து போன தையில் இருதயக் கோளாறோடு ஊர் திரும்பி, குற்றாலத்தில் வாடகைக்கு ஓர் அறை எடுத்துக்கொண்டபோது, வள்ளித்தாய் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனாள். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. தான் போகவுமில்லை. நேற்று மத்தியானம் சோற்றோடு போனவள்தான் பார்த்தாள்.

பத்து மணிக்குத் துல்கர்னைனும் ஜெபசிங்கும் வந்தார்கள். துல்கர்னைன் இப்போது தென்காசியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். தாடி பூராவும் வெள்ளை. ஜெபசிங் இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். தெருமுனையில் போஸ்டரைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். கேட்கத்தான் போகிறார்கள் என்று சுடலைக்கண்ணு சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

அவர்கள் எதுவும் கேட்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார்கள்.

“கல்யாணத்துக்கு வெட்டுனாப்புலயே இருக்குல்லா” என்றான் ஜெபசிங், துல்கர்னைனிடம்.

“எந்தக் கல்யாணத்துக்கு?” என்று கேட்டார் சுடலைக்கண்ணு.

துல்கர்னைன் அவரை நிமிர்ந்து பார்த்தான். பிறகு, கொஞ்சம் பின்பக்கம் வாங்க அண்ணாச்சி என்று கூப்பிட்டான்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவன் சொன்னான். அனுசியா கல்யாணத்துக்கு மணிமுத்து முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தது சுடலைக்கண்ணுவுக்கு ஞாபகம் இருந்தது. சபைக்கு மரியாதை என்று அன்றைக்கு அவருக்கு உள்ளுக்குள் பெருமைகூட. ஆனால் சம்பந்தம் பேசின அன்றைக்கு நடந்தது, கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பே எப்படியோ மணிமுத்து காதுக்குப் போயிருக்கிறது. முடியை வெட்டியது அதற்காகத்தான். பந்தியில் பாண்டிராஜ் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தம்பிக்கு எந்த பட்டாலியன் என்று கேட்டிருக்கிறார். ரசத்தை உறிஞ்சிக்கொண்டே இவன் சொல்லியிருக்கிறான்: “மணிமுத்தாறு, சார். எம் பேர்லயே வச்சிருக்காவ.” பக்கத்து இலையில் துல்கர்னைன். சிரிப்பை அடக்க முடியாமல் அவனுக்குப் புரை ஏறிவிட்டதாம்.

“அந்தப் பாட்டு அதுலேருந்து வந்ததுதான். நீங்க கேட்டதே இல்லையா அண்ணாச்சி?”

“பேரே போதாதாடே” என்றார். குரல் அவர் நினைத்த அளவுக்கு உயரவில்லை.

இரண்டாவது ஆல்பம் ‘மங்குஸ்தான்’ சிடியாக வந்தும் ஆள் சீண்டவில்லை, மிச்சத்தை லாட்ஜ் பரணில் எலி தின்றது என்றான் துல்கர்னைன். பெங்களூருக்கும் கொச்சிக்கும் அவர்களைக் கூப்பிட வைத்தது மூன்றாவதுதான். காலேஜ் பிள்ளைகள் முதல் அடியிலேயே சேர்ந்து பாடத் தொடங்கிவிடுவார்களாம், மணிமுத்து மைக்கை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டு நிற்பானாம். நாலாவது, ‘செங்கோட்டை பாசஞ்சர்’, சிடி கிடையாது, போன் உள்ளவர்கள் கேட்டால் உண்டு. அதில் குரல் தளர்ந்துவிட்டது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, பாட்டாக இழுக்காமல், வாக்குமூலம் சொல்வதுபோல பட்டாலியன் பாட்டில் இரண்டு வரி சொன்னான்.

“காக்கிச் சட்ட ஒண்ணு தச்சுத் தந்தான் அண்ணன்,
அளவே எடுக்கல, அம்புட்டுச் சரியா இருந்துச்சு.”

சுடலைக்கண்ணு தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பாசி வழுக்கியது.

“இத இங்கன மட்டும் பாடவே விடமாட்டான். மேக்க புளியரை தாண்டணும், கெழக்க பாவூர்சத்திரம் தாண்டணும். குத்தாலத்துச் சாரல் விழாவுல கூட்டம் பூரா அதத்தான் கேட்டுச்சு. வரி மறந்துபோச்சுன்னுட்டு எறங்கிட்டான். ஒங்க சம்பந்தி வீட்டு ஆளுக யாராச்சும் கேட்டுட்டா அனுசியாவுக்குச் சங்கடம், எங்க அண்ணனுக்குத் தலை எறக்கம்னு.” துல்கர்னைன் தெருப்பக்கம் பார்த்தான். “போஸ்டரப் பத்தி நாங்களும் வாயத் தொறக்க மாட்டோம் அண்ணாச்சி. அவன் தொறக்கலைல்லா.”

உள்ளே வள்ளித்தாயும் அனுசியாவும் அழும் சத்தம் கேட்டது. பலவேசம் தரையில் கிடந்த முடியை ஒரு பேப்பரில் கூட்டி எடுத்து வைத்துக்கொண்டு, எங்கே போட என்று கேட்டு நின்றார். சுடலைக்கண்ணு அதைக் கையில் வாங்கினார். கனமே இல்லை. திரும்பப் பலவேசத்திடமே கொடுத்துவிட்டார்.

நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்து, குளிப்பாட்டி, மூன்று மணிக்கு எடுத்தார்கள். பங்காளி மகன் உமாசங்கர் சிற்றாற்றங்கரையில் கொள்ளி வைத்தான். அப்புறம் வழக்கம்போல ஆண்கள் எல்லோரும் வேப்பமரத்தடியில் கூடி உட்கார்ந்தார்கள். செத்தவரைப் பற்றி நாலு பேர் நாலு வார்த்தை சொல்லிக் கலைவதுதான் முறை. முதலில் பாண்டிராஜ் எழுந்தார். தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு, மணிமுத்துவைப் போல டிசிப்ளினான ஆளைத் தாம் பார்த்ததில்லை என்றார். பாளையங்கோட்டை மைதானத்தில் ஒரு சுதந்திர தின அணிவகுப்பில் மணிமுத்து நிமிர்ந்து நின்று வாசித்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன் என்றார். அதை அவர் நிஜமாகவே நம்பித்தான் சொன்னார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூட்டத்தில் இருந்த ஒரு ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் புருவத்தைச் சுருக்கி, எந்த வருஷ பேட்ச் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். ஜெபசிங் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். துல்கர்னைன் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்து வீட்டுப் பெரியவர் என்றார்கள்.

சுடலைக்கண்ணு எழுந்தார். முதுகு எப்போதும்போல நேராகத்தான் இருந்தது. ஒன்றும் பேசாமல் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிடலாம். தம்பி பதினைந்து வருஷம் காத்துக் கொடுத்தது அப்படியே நிற்கும். மகளுக்கு மாமனார் முகத்தில் முழிக்கச் சங்கடம் இருக்காது.

“எந்தம்பி போலீஸ்ல இல்ல” என்றார். “ஒருநாளும் இருந்ததில்ல.”

சிதையில் ஒரு கட்டை வெடித்தது.

“ரூம் காலின்னு ஒரு பேண்டு. அதுல பாடினான். இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல. நாலு ஆல்பம் போட்டிருக்கான்.” கோர்ட்டில் சாட்சி சொல்லும்போது தேதிகளைச் சொல்வதுபோல, ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுச் சொன்னார். “மொதல்ல ஒன்பதாம் நம்பர். ரெண்டாவது மங்குஸ்தான். மூணாவது மணிமுத்தாறு பட்டாலியன். கடைசியா செங்கோட்டை பாசஞ்சர்.” பாண்டிராஜ் பக்கம் திரும்பினார். “சம்பந்தி கேட்டப்போ வாயத் தொறக்காம இருந்தது நான். அது அவன் பொய் இல்ல. எம் பொய்.”

உட்கார்ந்தார். மூன்றாவதாகப் பேச இருந்தவர் எழவில்லை. ஒவ்வொருவராக வேட்டியைத் தட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தார்கள். குளித்துக் கரையேறியபோது பாண்டிராஜின் கார் நின்ற இடம் வெறுமையாக இருந்தது. சாவுக்கு வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. அதனால் அவர் சொல்லாமல் போனதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாரிடமும் கேட்க முடியவில்லை.

சொந்தக்காரர்கள் வேனில் முன்சீட்டை அவருக்காக விட்டு வைத்திருந்தார்கள். அவர் அதைத் தாண்டிப் போய் துல்கர்னைனின் பழைய ஆம்னியில் ஏறி உட்கார்ந்தார். பின்சீட்டில் ஜெபசிங் ஒதுங்கி உட்கார்ந்திருந்தான். துல்கர்னைன் சாவியைத் திருகினான். ஸ்டீரியோவில் சின்ன விளக்கு எரிந்தது; அதன் மேலே மூன்றாவது ஆல்பத்தின் சிடி உறை காலியாகக் கிடந்தது. அவன் கை அந்தப் பக்கம் போய், பாதியில் நின்று, கியருக்குத் திரும்பிவிட்டது.

சுடலைக்கண்ணு கையை நீட்டினார். எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. ஈர விரலால் ஒன்றை அழுத்தினார். புனலூர்ப் பக்கம் நாளைக்கும் மழை இருக்கும் என்று மலையாளத்தில் ஒரு பெண் சொல்லத் தொடங்கினாள். யாரும் சிரிக்கவில்லை. அவர் விரல் அடுத்த பொத்தானுக்கு மெல்ல நகர்ந்தது. துல்கர்னைன் வண்டியை எடுக்காமல் காத்திருந்தான்.