லிஃப்ட்காரர் கேட்காத சத்தம்

இரண்டாம் மாடி லிஃப்ட்காரரைப் பற்றி ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். மனிதருக்குக் காது அப்படி. ஓடுகிற மோட்டாருக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் நிற்பார். மேலே இருக்கிற பேரிங் போய்விட்டது என்பார். பிரித்துப் பார்த்தால் போயிருக்கும். அவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஆனாலும் யார் வீட்டு மிக்சி உறுமினாலும், யார் ஸ்கூட்டர் இருமினாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உடனே வந்துவிடுவார். புகழ்ச்சி யாருக்குக் கசக்கும்?

அந்தக் காதுக்காரர் தன் பின்னறையில் சுவர்க்கோழி வளர்த்தார். பேரில் மட்டும்தான் கோழி, ஆள் பூச்சி. வளர்ப்புப் பிராணிக் கடை ஒன்றில் மோட்டார் பழுது பார்க்கப் போன இடத்தில், பல்லிகளுக்குத் தீனி கொண்டுவருகிறவன் சொன்ன நாளில் வருவதே இல்லை என்று கடைக்காரர் புலம்பியிருக்கிறார். இவர் காதில் அது புலம்பலாக விழவில்லை, வியாபாரமாக விழுந்தது. ஒரே மாதத்தில் பிளாஸ்டிக் பெட்டிகள், முட்டை அட்டைகள், சூட்டுக்கு ஒரு பல்பு, தவிடு, முட்டையிட ஈர மண் டப்பா என்று பின்னறை பண்ணையாகிவிட்டது. அவர் மனைவி முதல் வாரம் அம்மா வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டினாள். மூன்றாம் மாதம் புது வாஷிங் மெஷின் வாசலில் வந்து இறங்கியதும், பூச்சிகளுக்குக் காரட்டை அவளே நறுக்க ஆரம்பித்தாள். பொடிப்பொடியாக, பல் முளைக்காத குழந்தைக்கு நறுக்குகிற மாதிரி.

இத்தனை நடந்தும் கட்டடத்தில் யாருக்கும் தெரியவில்லை என்றால் அதற்குக் காரணம் உண்டு. பாடுவது ஆண் பூச்சி மட்டும்தான், அதுவும் இறக்கை முளைத்த பிறகு. விற்பனைக்கு உள்ளவை அதற்கு முன்பே கடைக்குப் போய்விடும். முட்டைக்காக வைத்திருந்த தாய்ப்பெட்டியில் மட்டும்தான் கச்சேரி. அதைச் சுற்றிப் பழைய மெத்தையைச் சாத்தி வைத்திருந்தார். கீழ்த்தளத்தில் இருந்த வீட்டுக்காரர், ஒரு ஜோடிக் கிளி வளர்த்த குடும்பத்தையே பதினைந்து நாளில் காலி செய்ய வைத்தவர். பூச்சி என்றால் பதினைந்து நிமிடம்கூடத் தர மாட்டார்.

பெட்டியின் உள்விளிம்பைச் சுற்றி வழவழப்பான பார்சல் டேப் ஒட்ட வேண்டும். அதில் கால் பிடிக்காமல் பூச்சி வழுக்கி விழுந்துவிடும். தாய்ப்பெட்டியை மாற்றிய அன்று ஒரு சாண் மிச்சம் இருக்கும்போது டேப் தீர்ந்துபோனது. நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று மனிதர் வேலைக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் டேப்போடு வந்து பார்த்தால், அந்த ஒரு சாணைத் தங்களுக்காகப் போட்ட ரோடு என்றே பூச்சிகள் எடுத்துக்கொண்டிருந்தன. கணவனும் மனைவியும் கட்டிலுக்கடியில் தவழ்ந்து கிடைத்ததையெல்லாம் பிடித்துப் போட்டார்கள். எல்லாம் வந்துவிட்டது என்றார் அவர். குளியலறைக் குழாய் தரைக்குள் இறங்கும் இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சந்து இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னார்.

அவர் வீட்டுக்கு நேர் கீழே, முதல் மாடியில், தையல்காரம்மா தனியாக இருந்தார். அறுபதைத் தாண்டியவர். கட்டடத்தில் எல்லாருடைய இடுப்பளவும் அவருக்கு மனப்பாடம். யார் பெருத்தார்கள், யார் பெருத்ததை ஒப்புக்கொள்ளாமல் துணி சுருங்கிவிட்டது என்கிறார்கள், எல்லாம் தெரியும். வெளியே சொல்ல மாட்டார். அதனாலேயே அவரிடம் கூட்டம்.

மெஷினை நிறுத்திவிட்டு ஊசியில் நூல் கோக்கக் குனிந்தால், சுவருக்குள்ளிருந்து கிரிக் கிரிக் என்று ஒரு சத்தம் வருகிறது என்றார் அவர். எழுந்து போனால் நின்றுவிடுகிறது. வீட்டுக்காரர் வந்து பூச்சி மருந்து அடித்தார், இரண்டு தடவை. பிளம்பர் வந்து குழாயைத் தட்டினார். காலடி அதிர்ந்தால் சுவர்க்கோழி சட்டென்று இறக்கையை மடக்கிக்கொள்ளும். அது பூச்சி வளர்க்கிறவருக்குத் தெரியும், பிளம்பருக்கு எப்படித் தெரியும்? தம்தம்மென்று நடந்து வந்தவர்கள் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு மருந்துக்குப் பிறகு எந்தப் பூச்சி உயிரோடு இருக்கும், பாவம், தனியாக இருந்து இருந்து அப்படி ஆகிவிட்டது என்று மாடிப்படியில் பேசிக்கொண்டார்கள். வயதானால் காதுக்குள்ளேயே இப்படிக் கேட்பதுண்டு என்று மருத்துவரும் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டார்.

கடைசியில் தையல்காரம்மா லிஃப்ட்காரரைக் கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி, பேசாம இங்க உக்காரு. வந்தவங்க எல்லாம் நடந்துட்டே கேக்குறாங்க. கேக்கத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்."

உட்கார்ந்தார். அம்மா கையில் கத்திரிக்கோலோடு அசையாமல் இருந்தார். ஐந்து நிமிடம் போயிருக்கும். அலமாரிக்குப் பின்னால் முதலில் ஒன்று, பிறகு பதிலுக்கு இன்னொன்று. தாய்ப்பெட்டியில் இறக்கை நுனி கிழிந்த பெரியவன் ஒருவன் இருந்தான். அவன் குரலில் லேசாக ஒரு கரகரப்பு. அவனேதான்.

"கேக்குதாப்பா?"

வீட்டுக்காரர் முகம், வாஷிங் மெஷின், கடைக்காரரிடம் ஒப்புக்கொண்ட அடுத்த மாதச் சரக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின.

"இல்லியேக்கா. ஒண்ணும் கேக்கல."

அவர் சொல்லி முடிக்கும்வரை அது கத்திக்கொண்டுதான் இருந்தது. தையல்காரம்மா கத்திரிக்கோலை மெதுவாகக் கீழே வைத்தார். உனக்கே கேட்கவில்லையென்றால் கோளாறு என் காதில்தான் என்றார். பிறகு லிஃப்ட்காரரின் சட்டைப்பை பிரிந்து தொங்குவதைப் பார்த்து, கழற்றச் சொல்லி, அங்கேயே தைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அன்றிலிருந்து அந்தச் சட்டையை அவர் போடவில்லை. சோறு இறங்கவில்லை என்று சொல்ல மாட்டோம். இறங்கியது, ருசி தெரியவில்லை. அவருக்குத் தோன்றிய பரிகாரம் ஒன்று உண்டு: வீட்டுக்குள் தம்தம்மென்று நடப்பது. அதிர்ச்சியில் கீழே இருப்பவை கொஞ்ச நேரமாவது வாயடங்கும் என்று கணக்கு. தரையில் ஆணி அடிக்கிறீர்களா என்று மனைவி கேட்டாள். அது போதாதென்று, அலமாரிக் கதவைச் சரிசெய்கிற சாக்கில் கீழே போய், பின்னால் தவிடு போட்ட ஜாடி ஒன்றை வைத்துவிட்டு வந்தார். இரண்டு நாள் கழித்து எடுத்தால் மூன்று மாட்டியிருந்தன. மூன்றும் பெண். ஊமை.

சொல்லிவிடலாமா என்று மனைவியிடம் இழுத்தார்.

"அதுங்க ஆயுசே ரெண்டு மாசம். தானா அடங்கும். நீங்க வாயைத் திறந்தா நாம அடங்கணும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. கணக்குச் சரிதான். ஆனால் தையல்காரம்மாவின் மகள் அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போக அதற்குள் வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வேன் நின்றது. தைக்கக் கொடுத்திருந்தவர்கள் வெட்டிய துணியை வெட்டியபடியே வாங்கிக்கொண்டு படியிறங்கினார்கள். மகள் வீட்டில் மெஷினுக்கு இடமில்லையாம். அதை விற்பதாகப் பேச்சு. லிஃப்ட்காரர் தன் வீட்டில் இருக்க முடியாமல் உதவி செய்கிற மாதிரி கீழே போனார். தையல்காரம்மா காலி மேசையில் அளவு நாடாவைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். மகள் நல்ல பெண். இவரைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும் அண்ணா. நாலு வருஷமா கூப்பிடுறேன், அம்மா அசையல. நீங்க கேட்டுச் சொன்னப்புறம்தான் வரேன்னாங்க."

லிஃப்ட்காரர் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். மெஷினைத் தூக்க வந்த இருவரையும், மகளையும், வேடிக்கை பார்க்க வந்திருந்த வீட்டுக்காரரையும் நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாரும் ஒரு அஞ்சு நிமிஷம் உக்காருங்க. காலை அசைக்காதீங்க."

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற குரல் பழக்கதோஷத்தில் வந்துவிட்டது, எல்லாரும் கட்டுப்பட்டார்கள். தூக்க வந்தவர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். குழாயில் தண்ணீர் சொட்டியது. கீழே வேன்காரர் ஹாரன் அடித்து ஓய்ந்தார்.

கிரிக்.

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கரகரத்த அந்தக் குரல் நின்று நிதானமாக முழுப்பாட்டையும் பாடியது.

"அது என்னுதுதான்," என்றார் லிஃப்ட்காரர். பின்னறை, டேப், குழாய்ச் சந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். வீட்டுக்காரர் எழுந்து நின்று ஆரம்பித்ததை இங்கே எழுத முடியாது. தையல்காரம்மா ஒரு கையைத் தூக்கி அவரை நிறுத்தினார்.

"அன்னிக்கு இங்க உக்காந்தியே. அப்போ கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா."

தையல்காரம்மா மெஷின் பக்கம் திரும்பினார். ஆட்களிடம் மெஷினின் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்.

வேன் காலியாகத் திரும்பியது. மாலைக்குள் பெட்டிகளும் பிராணிக் கடையின் கொட்டகைக்குப் போய்விட்டன. கொட்டகைக்கு வாடகை உண்டு, அதனால் லாபத்தில் பாதி கடைக்காரருக்கு. மனைவி இரண்டு வாரம் பேசவில்லை. கிளிக்குடும்பத்துக்கு நடந்தது இவர்களுக்கு ஏன் நடக்கவில்லை என்று கட்டடமே மண்டையை உடைத்துக்கொண்டது. தையல்காரம்மா போய் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னதாகத்தான் கேள்வி.

கரகரத்த குரலும் இருபது நாளில் ஓய்ந்தது. அதன்பிறகுதான் லிஃப்ட்காரர் துணிந்து ஒரு சட்டைத் துணியோடு முதல் மாடிக் கதவைத் தட்டினார். உள்ளே வழக்கம்போல் கூட்டம். முறை வந்ததும் அம்மா அவரை நிற்க வைத்துத் தோளை அளந்தார், கழுத்தை அளந்தார், மார்பு இரண்டு விரற்கடை குறைந்திருப்பதைச் சொல்லாமலே குறித்துக்கொண்டார். சட்டைப்பை வேண்டுமா என்று கேட்டார். வேண்டாமென்று தலையாட்டினார் இவர். அம்மா துணிக்குச் சீட்டுக் கிழித்து நீட்டினார். இத்தனை வருஷத்தில் அவருக்குச் சீட்டுக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

"வியாழக்கிழமை வாங்க சார்," என்றார் தையல்காரம்மா.

லிஃப்ட்காரர் படியேறினார். இப்போதெல்லாம் அவர் வீட்டுக்குள் பூனை மாதிரிதான் நடக்கிறார்.